சாப்பிட்டாலே வயிறு வலிக்குதா? குடல் ரத்தக்குழாய் அடைப்பும், சமையலறையில் பலூன் செய்த டாக்டரின் கதையும்!

மயிலம் மலையடிவாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மலையேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து, இலை போட்டு வயிறாரச் சாப்பிட்ட பாட்டி, இப்போது அரைத் தட்டு சோற்றைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறார். பசி இல்லாமல் இல்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி வருகிறது. ஒன்று, இரண்டு மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டு, தானாக அடங்கிவிடுகிறது. அடுத்த வேளை சாப்பிட்டால் மறுபடியும் அதே வலி.

கேஸ் பிரச்னை என்கிறார்கள் வீட்டில். மெடிக்கலில் அல்சர் மாத்திரை வாங்கித் தருகிறார்கள். எண்டோஸ்கோபி எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு மட்டும் மாசா மாசம் இளைத்துக்கொண்டே போகிறது. வயசாச்சு, அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம்.

இப்படி வருகிற எல்லா வயிற்று வலிக்கும் ஒரே காரணம் கிடையாது. அல்சர், பித்தப்பைக் கல், கணையக் கோளாறு, புற்றுநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் பலருக்கும் தெரியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது குடலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு.

இதற்கு வயிற்றைக் கிழிக்காமலேயே இன்று ஸ்டென்ட் வைக்கிறார்கள். அந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர், 46 வயதிலேயே விமான விபத்தில் இறந்துபோன ஒரு ஜெர்மானிய டாக்டர். அவர் பெயர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக்.

குடலுக்கு ஏன் ரத்தம் போதாமல் போகிறது?

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால் நோயைப் புரிந்துகொள்வோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் ஏரிப் பாசனம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு ஏரிக்கு மூன்று மதகு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதகு தூர்ந்துபோனாலும் மற்ற இரண்டு வழியாகத் தண்ணீர் சுற்றிக்கொண்டு வயலுக்கு வந்துவிடும். இரண்டு மதகு அடைத்துக்கொண்டால்தான் பயிர் வாடும்.

நம் வயிற்றிலும் அதே கணக்குதான். இதயத்திலிருந்து இறங்கி வரும் மகா தமனியிலிருந்து மூன்று முக்கிய ரத்தக்குழாய்கள் பிரிந்து இரைப்பைக்கும், கல்லீரலுக்கும், குடலுக்கும் ரத்தம் கொண்டுபோகின்றன. வயசாக ஆக, இவற்றின் வாய்ப்பகுதியில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் படிந்து பாதை குறுகுகிறது. ஒரு குழாய் மட்டும் குறுகினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டோ மூன்றோ குறுகும்போதுதான் சிக்கல்.

சாப்பிடாமல் இருக்கும்போது குடலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். சாப்பிட்டதும் செரிமான வேலைக்காக அதிக ரத்தம் வேண்டும். அடைபட்ட குழாயால் அதைக் கொடுக்க முடியாது. அதனால்தான் சாப்பிட்ட பிறகு வலி வருகிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் நெஞ்சு வலிக்கிறதே, அந்த மாதிரி இது வயிற்றின் வலி.

வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பார்கள். எடை இறங்கும். 60 வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. புகைபிடிக்கும் பழக்கம், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் இதற்குத் துணை போகின்றன.

ஒரு காலத்தில் இதற்கு ஒரே வழி, வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ஆபரேஷன்தான். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் வயசானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இங்கேதான் குருன்ட்ஸிக் வருகிறார்.

போரில் காணாமல் போன அப்பா

1939 ஜூன் 25 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார் குருன்ட்ஸிக். இரண்டு மாதம் கழித்து இரண்டாம் உலகப் போர் வெடித்தது. அறிவியல் ஆசிரியராக இருந்த அப்பா போருக்குப் போனார், திரும்பி வரவில்லை. அம்மாதான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

போர் முடிந்த பிறகும் வாழ்க்கை நிலைகொள்ளவில்லை. 1950இல் பிழைப்புத் தேடி குடும்பம் அர்ஜென்டினாவுக்குப் போனது. அங்கும் ஒட்டவில்லை. சில வருடங்களில் ஜெர்மனிக்கே திரும்பி, கிழக்குப் பகுதியில் இருந்த லைப்ஸிக்கில் பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கு ஜெர்மனிக்குப் போய், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1964இல் டாக்டர் ஆனார்.

அதே 1964இல், கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு சம்பவம் நடந்தது. சார்லஸ் டாட்டர் என்ற டாக்டர், கால் அழுகத் தொடங்கியிருந்த 82 வயது பெண்மணிக்கு, காலை வெட்டாமல், ரத்தக்குழாய்க்குள் ஒன்றைவிட ஒன்று தடிமனான குழாய்களை நுழைத்து அடைப்பை விலக்கினார். கால் தப்பியது. ஆனால் அமெரிக்காவிலேயே பல டாக்டர்கள் அதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கினார்கள்.

ஒரு நோயாளி கேட்ட கேள்வி

1960களின் கடைசியில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர மருத்துவமனை ஒன்றில் குருன்ட்ஸிக் வேலை பார்த்தார். அங்கே கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட ஒரு நோயாளி, ஆபரேஷன் வேண்டாம் என்றார். தண்ணிக் குழாய் அடைத்தால் பிளம்பர் கம்பி விட்டுச் சுத்தம் செய்கிறாரே, அந்த மாதிரி என் குழாயையும் சுத்தம் செய்ய முடியாதா என்று அவர் கேட்டிருக்கிறார்.

கேட்பதற்குச் சாதாரணமான கேள்வி. ஆனால் குருன்ட்ஸிக்கின் மனசில் அது தங்கிவிட்டது. அமெரிக்காவில் ஒதுக்கப்பட்ட டாட்டரின் முறையை, ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஸைட்லர் என்ற டாக்டர் செய்துகொண்டிருந்தார். 1969இல் சுவிட்சர்லாந்தின் ஸூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்த குருன்ட்ஸிக், ஸைட்லரிடம் அந்த முறையைக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டபோதே அதன் குறையும் புரிந்தது. தடிமனான குழாயை உள்ளே தள்ள, தோலிலும் அதே அளவுக்குப் பெரிய துளை போட வேண்டும். இதயம், சிறுநீரகம், குடல் போன்ற உள் உறுப்புகளின் குழாய்களுக்கு அது சரிப்படாது. மெல்லிசாக உள்ளே போய், போக வேண்டிய இடத்துக்குப் போனதும் பெரிதாகி, வேலை முடிந்ததும் மறுபடி சுருங்கி வெளியே வர வேண்டும். அப்படியென்றால் பலூன்தான்.

சமையலறை மேஜையில் நடந்த ஆராய்ச்சி

சாதாரண ரப்பர் பலூன் இதற்கு ஒத்துவராது. ஊதினால் அது எளிதான பக்கம் உப்பும். கெட்டியான அடைப்பை அப்படியே விட்டுவிடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதாகாமல், அதே சமயம் அடைப்பை அழுத்தி விலக்கும் வலுவும் உள்ள பலூன் வேண்டும்.

அந்தப் பலூன் பெரிய ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. குருன்ட்ஸிக் வீட்டுச் சமையலறை மேஜையில் பிறந்தது! மருத்துவமனை வேலை முடிந்து வந்து, மனைவி மைக்கேலா, உதவியாளர் மரியா ஷ்லும்ப், அவருடைய கணவர் ஆகியோருடன் ராத்திரி நேரங்களில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாய்களைச் சூடாக்கி, ஊதி, ஒட்டிப் பார்த்தார். பலூன் உப்பிப் போகாமல் இருக்க மேலே பட்டுநூல் வலை சுற்றலாமா என்று பார்த்தார். அந்த மெல்லிய பட்டுக்காக ஷூ லேஸ் செய்பவர்களிடம் போனார். கடைசியில் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் பி.வி.சி. பிளாஸ்டிக்கை முயன்று பார்க்கும்படி வழிகாட்டினார். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படுகிறதே, அதே வகைப் பொருள். அது சரியாக வந்தது, பட்டுநூலே தேவைப்படவில்லை.

1974 பிப்ரவரி 12 அன்று ஒரு நோயாளியின் கால் பக்க ரத்தக்குழாயில் தன் பலூனை முதன்முறையாகப் பயன்படுத்தினார். வேலை செய்தது. அடுத்து அவர் கண் இதயத்தின் மீது விழுந்தது. நாய்களிடம் சோதித்த முடிவுகளை 1976இல் அமெரிக்காவில் நடந்த இதய மருத்துவர்கள் மாநாட்டில் வைத்தார். பார்த்தவர்களில் பலர் இது நடக்காது என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

1977 செப்டம்பர் 16. ஸூரிச்சில், குருன்ட்ஸிக்கின் வயதை ஒத்த ஒரு நோயாளி. இதயத்தின் முக்கியக் குழாயில் அடைப்பு. நினைவோடு இருந்த அந்த மனிதருக்குள் மெல்லிய குழாயை விட்டு, பலூனை ஊதினார் குருன்ட்ஸிக். அடைப்பு விலகியது. உலகின் முதல் இதய பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி அதுதான். அந்த வருடமே மாநாட்டில் முதல் நான்கு நோயாளிகளின் முடிவுகளைக் காட்டியபோது, பேச்சு முடிவதற்கு முன்பே அரங்கம் கைதட்டியது.

குடல் ரத்தக்குழாய்க்கு வந்த பலூன்

இதயத்தை மட்டும் பார்த்தால் குருன்ட்ஸிக் கதை பாதிதான். அவருடைய பலூன் சிறுநீரக ரத்தக்குழாய்க்கும் போனது. பிறகு, நாம் முதலில் பார்த்த அந்த வயிற்று வலிக்கும் வந்தது.

ஸூரிச் குழுவினர் 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு சிகிச்சையைப் பதிவு செய்தார்கள். சாப்பிட்டதும் வலிக்கும் நோயாளிக்கு, குடலுக்குப் போகும் முக்கியக் குழாயில் இருந்த அடைப்பை பலூனால் விரித்த சிகிச்சை அது. அதை எழுதிய நால்வரில் குருன்ட்ஸிக்கும் ஒருவர். குடல் ரத்தக்குழாயை வயிற்றைத் திறக்காமல் சரிசெய்ததற்கு முதல் பதிவாக மருத்துவ உலகம் இதைத்தான் சொல்கிறது.

அப்போது ஸ்டென்ட் கிடையாது. பலூன் மட்டும்தான். ஆனாலும், வலிக்குப் பயந்து சோற்றை ஒதுக்குபவருக்கு, இடுப்பிலோ கையிலோ ஒரு சின்னத் துளை வழியாகவே தீர்வு கிடைக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

புகழ் வந்த பிறகும் மறைக்காத உண்மை

குருன்ட்ஸிக் சாகசப் பிரியர். வேகமாக வாழ்ந்தவர். ஆனால் சிகிச்சை விஷயத்தில் அவர் காட்டிய நேர்மைதான் இன்றைக்கும் நமக்குப் பாடம்.

1979இல் முதல் 50 இதய நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அதில் வெற்றி 32 பேருக்குத்தான். மீதி 18 பேருக்கு நினைத்தது நடக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். திறந்த குழாய் சிலருக்கு மறுபடியும் அடைத்துக்கொள்கிறது என்பதையும் சொன்னார். எல்லா டாக்டர்களும் தங்கள் முடிவுகளை ஒரே பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

தன் சிகிச்சையை மற்ற டாக்டர்களுக்கு நேரலையில் திரையில் காட்டிக் கற்றுக்கொடுத்தார். சரியாகப் போனாலும் தவறிப்போனாலும் எல்லாரும் பார்ப்பார்கள். முறையாகப் பயிற்சி எடுக்காதவர்கள் கையில் பலூன் போய்விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். சரியான நோயாளியைத் தேர்ந்தெடுத்தால்தான் இது மருந்து, இல்லாவிட்டால் ஆபத்து என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிப் பயணம்

1980இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். உலகம் முழுவதிலும் இருந்து டாக்டர்கள் அவரிடம் கற்க வந்தார்கள். அவருக்கு விமானம் ஓட்டுவதில் பெரிய ஆசை. சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருந்தார்.

1985 அக்டோபர் 27. கடலோர வீட்டிலிருந்து அட்லாண்டாவுக்குத் திரும்பும் வழியில், மோசமான வானிலையில் ஜார்ஜியா மாநிலத்தில் விமானம் விழுந்தது. குருன்ட்ஸிக்கும், உடன் சென்ற இரண்டாவது மனைவி மார்கரெட் ஆனும் இறந்துபோனார்கள். அவருக்கு வயது 46. வழிகாட்டியான சார்லஸ் டாட்டரும் அதே வருடம் பிப்ரவரியில்தான் மறைந்திருந்தார்.

1977இல் அவர் கையால் முதல் சிகிச்சை பெற்ற நோயாளிக்கு, சரியாகப் பத்து வருடம் கழித்து, 1987இல் மறுபடி பரிசோதனை செய்தார்கள். பலூன் விரித்த அந்த இடம் அப்போதும் திறந்தே இருந்தது. அதைப் பார்க்கத்தான் குருன்ட்ஸிக் இல்லை.

பலூனுக்குப் பிறகு வந்த ஸ்டென்ட்

பலூன் விரித்த இடம் மறுபடி சுருங்கும் பிரச்னைக்கு விடை, அவர் இறந்து ஐந்தே மாதத்தில் வந்தது. 1986 மார்ச்சில் பிரான்ஸின் துலூஸ் நகரில், மனித இதயக் குழாயில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஸ்டென்ட் என்பது சின்ன உலோக வலைக் கூண்டு. கிணறு இடிந்து விழாமல் உறை இறக்குகிறோமே, அந்த மாதிரி பலூன் திறந்த பாதையை இது தாங்கிப் பிடிக்கிறது.

பிறகு குடல் ரத்தக்குழாய்க்கும் ஸ்டென்ட் வந்தது. இன்று இந்த நோய்க்குப் பெரும்பாலும் முதலில் யோசிப்பதே ஸ்டென்ட்தான். பொதுவாக மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, தொடை இடுக்கு அல்லது கை வழியாகச் செய்கிறார்கள். சரியாக அமைந்தால், பலருக்குச் சீக்கிரமே வலியில்லாமல் சாப்பிட முடிகிறது. ஆபரேஷனைவிட ஆரம்ப ஆபத்து குறைவு. ஆனால் ஸ்டென்டும் காலப்போக்கில் சிலருக்கு அடைக்கும், அப்போது மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். பைபாஸ் ஆபரேஷன் அதிக காலம் நிலைக்கும் என்பதால், உடல் தாங்கும் சிலருக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

மயிலம் பக்கம் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. டாக்டரிடம் போகும்போது இந்த மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

1. சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் வலி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது.
2. சில மாதங்களில் எத்தனை கிலோ எடை குறைந்தது.
3. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தீர்களா.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம், இதய நோய், பக்கவாதம், நடந்தால் கால் வலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்ற காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகும் வலி தொடர்ந்தால், குடல் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். வெறும் வயிற்றில் எடுக்கும் டாப்ளர் ஸ்கேன், சி.டி. ஆஞ்சியோகிராம் இரண்டும் இதைக் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகப் பிரச்னையோ சர்க்கரை மாத்திரையோ இருந்தால், சி.டி. எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஸ்கேனில் குழாய் குறுகியிருப்பது தெரிந்தாலே ஸ்டென்ட் தேவை என்று அர்த்தம் இல்லை. வலியும் எடை இழப்பும் இல்லாத பலருக்கு ஒரு குழாயில் குறுக்கம் இருக்கும், அதற்குப் பெரும்பாலும் மாத்திரையும் கவனிப்பும் போதும். ரத்தக்குழாய் சிகிச்சை நிபுணர், குடல் நோய் நிபுணர் இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது நல்லது. செலவு பற்றிய கவலை இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த சிகிச்சை வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தாச்சு, வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சொன்ன நாளில் ஸ்கேனுக்குப் போக வேண்டும். புகையிலையை விட்டே ஆக வேண்டும்.

இதை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்

திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, வாந்தி, ரத்தம் கலந்த மலம் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். குறுகிய குழாய் முழுவதுமாக அடைத்துக்கொண்டால் குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

ஒரு நோயாளி கேட்ட பிளம்பர் கேள்வியைக் குருன்ட்ஸிக் சிரித்துவிட்டுத் தள்ளியிருந்தால், இந்தக் கதையே இல்லை. நம் வீட்டுப் பாட்டி சோற்றைப் பார்த்து ஒதுங்கும்போது, வயசாச்சு என்று நாமும் தள்ளிவிட வேண்டாம். ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க, சாப்பிட்டா என்ன பண்ணுது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.